அயல்வீடும் எதிர்நிலைக் காதலும்: தற்காலத் தமிழ்ப் புனைவில் குடியிருப்பின் வரலாறு – வேலூர் லாங் பஜாரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அடுத்தடுத்த வீடுகளில் வாழும், ஒருவருக்கொருவர் எதிர்நிலையினரான இருவர் காதல் கொள்வது உலகப் புனைவில் பரவலாகக் காணப்படும் கதைப்பொருள். தமிழ்ப் புனைவில் இக்கதைப்பொருள் தோன்றுவதற்கு, வேறுபட்டோர் அருகருகே குடியிருக்கும் தெரு முதலில் தோன்ற வேண்டியிருந்தது. ஆகவே இதன் வரலாறு குடியிருப்பின் வரலாறும் ஆகும். தமிழ் அகமரபின் ஒப்பு, அலர் ஆகிய கருத்துகளை அளவுகோலாகக் கொண்டு, ‘அகல் விளக்கு’, ‘புத்தம் வீடு’, ‘பூக்குழி’, ‘மீன்காரத் தெரு’ ஆகிய நாவல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இயல்பால் எதிரெதிரானோர் தமிழ்ப் புனைவில் நண்பர்களாகவும், இயல்பால் ஒத்திருந்தும் பிறப்பால் எதிரெதிராக வகுக்கப்பட்டோர் காதலர்களாகவும் அமைகின்றனர் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அயல்வீடு, ஒப்பு, அலர், லாங் பஜார், தோல் தொழில் வட்டாரம், வாலாசா, தோலூர், கலப்பு மணம்.

முன்னுரை

வேலூர்க் கோட்டையை அடுத்த பழைய கடைவீதிக்கு லாங் பஜார் என்று பெயர். ‘லாங்’ ஆங்கிலச் சொல். ‘பஜார்’ பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து அன்றாடம் வழங்குவது தமிழ் நா. மளிகை, காய்கறி, பூ, பாத்திரம் என விரியும் அவ்வீதியில் தமிழோடு உருதும் தெலுங்கும் காதில் விழும். அருகிலுள்ள கோட்டையின் மதிலுக்குள்ளேயே சலகண்டேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் புனித யோவான் தேவாலயமும் இருக்கின்றன. இத்தகைய அண்மை வேறுபட்ட மாந்தரைக் காதலால் இணைக்கும் களமாகும் என்று கதை விரும்புவோர் எதிர்பார்ப்பது இயல்பு.

ஆனால் கடை அருகே இருப்பதும் வீடு அருகே இருப்பதும் ஒன்றல்ல. பகலில் ஒரே வீதியில் விலை பேசுவோர் மாலையில் தத்தம் தெருவுக்கும் பேட்டைக்கும் காலனிக்கும் திரும்பிவிடுகின்றனர். பகல் அண்மைக்கும் இரவுத் தொலைவுக்கும் இடைப்பட்ட இந்த இடைவெளியே அயல்வீட்டுக் காதலைக் கூறும் தமிழ்ப் புனைவின் வரலாற்றைத் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஒப்பும் அலரும்: அகமரபு தரும் அளவுகோல்

தொல்காப்பியக் களவியல் தலைவனையும் தலைவியையும் ஒத்தவர்களாகவே கருதுகிறது. தலைவன் உயர்ந்தவனாயினும் குற்றமில்லை என்று ஒரு விலக்கு மட்டும் தருகிறது. தலைவி உயர்ந்தவளாவதற்கு அத்தகைய விலக்கு கூறப்படவில்லை. மெய்ப்பாட்டியல் இவ்வொப்பினைப் பிறப்பு, குடி, அகவை, வடிவு, உணர்வு, செல்வம் உள்ளிட்ட பத்தாக விரிக்கிறது. எதிர்நிலைகளே ஒன்றையொன்று ஈர்க்கும் என்னும் கருத்துக்கு இவ்விலக்கணத்தில் இடமில்லை. ஒப்புமையே அங்கு ஈர்ப்பின் நிபந்தனை.

இரண்டாவது செய்தி அயலாரைப் பற்றியது. சங்க அகப்பாடல்களில் தலைவன் பெரும்பாலும் தொலைவிலிருந்து வருபவன். மலையையோ கடற்கரை வழியையோ இரவையோ கடந்து வருபவன். அண்டை வீட்டாருக்கு அங்கு வேறு பணி உண்டு. அவர்கள் காண்பர், கூடிப் பேசுவர், பழி தூற்றுவர். அம்பலாகத் தொடங்கி அலராக விரியும் அப்பேச்சு களவை வெளிப்படுத்திக் கற்பை நோக்கித் தள்ளும். ஆகவே அகமரபில் காதலர் ஒருவர், அயலார் வேறொருவர்.

அயல்வீட்டுக் காதலைக் கூறும் நவீன கதை இவ்விரு பாத்திரங்களையும் ஒன்றாக்குகிறது. காதலிக்கப்படுபவரே அயலார், அவருடைய குடும்பமே அலர் தூற்றும் சுற்றம். மறைந்து சந்திக்க மலைவழி இல்லை. ஒரு சுவர் மட்டுமே உண்டு. தூரம் இல்லாமையே இக்காதலுக்கு வாய்ப்பும் இடரும் ஆகிறது.

வேறுபட்ட அயலார் தோன்றிய வரலாறு

மரபான தமிழ் ஊரமைப்பில் தெரு என்பது சாதியின் இடப்பெயராகவே பெரிதும் இருந்தது. அக்கிரகாரம், ஊர், சேரி என்னும் பகுப்பில் அடுத்த வீட்டுக்காரர் பெரும்பாலும் உறவினர் அல்லது தன் சாதியினர். அங்கே அயல்வீட்டுக் காதல் எழுமாயின் அது முறைமாப்பிள்ளை, முறைப்பெண் கதையாகவே முடியும். எதிர்நிலை அயலார் தோன்றுவதற்கு வாடகை வீடும், ஒண்டுக்குடித்தனமும், ஆலையை ஒட்டிய வரிசை வீடுகளும், பணியிட மாற்றமும் தேவைப்பட்டன.

பாலாற்றங்கரை இவற்றைக் காலத்தால் முன்னரே பெற்ற வட்டாரம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 சூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாசா ரோடுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட தொழில் வளர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால் குரோம் முறையும் அறிமுகமானது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகரும், தலித் மற்றும் முஸ்லிம் தொழிலாளரும் ஒரே தொழிலைச் சார்ந்து வாழத் தொடங்கினர். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1970களில் பதனிடாத தோல், அரைப்பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டபின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. சுற்றுக் கிராமப் பெண்கள் திரளாக வேலைக்கு வந்தனர்.

எனினும் தொழில் கலந்த அளவுக்குக் குடியிருப்பு கலக்கவில்லை. தோல் தொழிலின் மீது சாதியச் சமூகம் சுமத்திய தீட்டுக் கருத்து, வேலையிடத்தில் தளர்ந்தும் வாசலில் இறுகியும் நின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே பின்வரும் புனைவுகளை நோக்க வேண்டும்.

வாலாசாத் தெரு: எதிர்நிலை நட்பு

இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்ட நாவல்களுள் பலரும் அறிந்தது மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’. 1958இல் வெளிவந்து 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கிராமத்திலிருந்து படிப்புக்காக வாலாசாவுக்கு வரும் சந்திரன், அங்கு வாழும் வேலய்யனின் அண்டை வீட்டுத் தோழனாகிறான். சந்திரன் அழகன், அறிவுக்கூர்மை உடையவன், உணர்ச்சி வேகத்தில் கட்டுக்கடங்காதவன். வேலய்யன் அடக்கமும் பொறுமையும் உடையவன். ஒருவன் பளிச்சிட்டு அணையும் ஒளி. மற்றவன் நின்று எரியும் அகல்.

இயல்பால் எதிரெதிரான இருவர் அண்மையால் ஈர்க்கப்படுவதை இந்நாவல் முழுமையாகக் காட்டுகிறது. ஆயின் அந்த ஈர்ப்பு இரு ஆண்களின் நட்பில் நிகழ்கிறது. காதலுக்கு வரும்போது கதை ஒடுங்குகிறது. சந்திரனின் தங்கை கற்பகத்தின்மீது வேலய்யன் கொண்ட விருப்பம் மணமாகக் கனியவில்லை. கற்பகம் மாலனையும், வேலய்யன் கயற்கண்ணியையும் மணக்கின்றனர். இமாவதியைச் சந்திரன் காதலி என்று எண்ண, அவளோ அவனை உடன்பிறந்தான்போல் கருதியிருந்தாள். அவ்வேமாற்றமே அவன் வீழ்ச்சியின் தொடக்கமாகிறது. ஆணும் பெண்ணும் நெருங்கிப் பழகுவதற்குரிய சொல் அன்றைய சமூகத்தில் உருவாகவில்லை என்பதை நாவல் உணர்த்துகிறது. இளமையிலேயே கணவனை இழந்த பாக்கியம் அவ்விரு சிறுவர்மீதும் பொழியும் அன்பும் ஊரின் கண்ணுக்கு உட்பட்டதே.

1950களின் வாலாசாத் தெரு, குணத்தால் வேறுபட்டோரை அருகில் வைத்தது. பிறப்பால் வேறுபட்டோரை அந்நாவலில் காதலராக நிறுத்தவில்லை. அயல்வீட்டு விருப்பம் தோன்றிப் பின் பெரியோர் வகுத்த மணத்துக்குள் அடங்குவதே அக்காலக் கதையின் போக்கு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலிலும், முதியவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட அயல்வீட்டுத் தங்கம்மா பாபுவை நாடி, ஏற்கப்படாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். சுவர் தாண்டிய விருப்பத்துக்கு அங்கும் வாழ்வு அமையவில்லை.

பனைமரத்தின் அடியும் வீட்டின் உள்ளும்

இப்போக்கில் முதல் மாற்றம் குமரி மாவட்டத்திலிருந்து வந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வெளிவந்தது. பழம்பெருமை மிக்க, வளம் குன்றிவரும் வீட்டின் மகள் லிஸி. அவ்வீட்டுப் பனைகளில் ஏறும் அன்பையனின் மகன் தங்கராஜ். இருவரும் கிறித்தவர், ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர். அவர்களைப் பிரிப்பது பனையுடைமைக்கும் பனையேற்றுக்கும் இடையிலான தகுதி வேறுபாடு.

இங்குக் கவனிக்கத்தக்கது இருவரின் இயல்பொற்றுமை. லிஸியும் தங்கராஜும் பேச்சைவிட மௌனத்தையே மிகுதியாகப் பகிர்ந்துகொள்பவர்கள். பொறுத்துக் காத்திருப்பதில் ஒருவரையொருவர் ஒத்தவர்கள். பருவமடைந்த லிஸி வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். அகமரபின் இற்செறிப்பு நவீன நாவலில் இவ்வாறு மீள்கிறது. கொலைப்பழி தங்கராஜின்மேல் விழுந்து, அவன் குற்றமற்றவன் என்பது தெளிந்தபின்னரே மணம் கைகூடுகிறது. தொல்காப்பியம் விதிவிலக்குத் தராத திசையில், அதாவது தலைவி உயர்ந்த நிலையில் நிற்கும் திசையில், காதல் மணமாக நிறைவுறுவது இந்நாவலின் வரலாற்றுச் சிறப்பு. பத்து ஒப்புகளுள் குணம் சார்ந்தவை இருவருக்கும் பொருந்துகின்றன. செல்வம், தகுதி சார்ந்தவையே மாறுபடுகின்றன. முதல்வகை ஒப்பே காதலுக்குப் போதும் என்று நாவல் தீர்ப்பளிக்கிறது.

அண்டை மொழியிலும் இதற்கு இணையுண்டு. வைக்கம் முகம்மது பஷீரின் ‘பிரேமலேகனம்’ 1943இல் வெளிவந்த மலையாளப் படைப்பு. கிறித்தவரான சாராம்மாவின் தந்தை வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் கேசவன் நாயர் அவளிடம் காதல் கொள்கிறான். சமய வேறுபாட்டை நகைச்சுவையால் கடக்கும் அச்சிறுநூல் திருவிதாங்கூரில் தடைசெய்யப்பட்டது. வாடகை மாடியே அக்காதலை இயலச் செய்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தோலூரும் காட்டுப்பட்டியும்

தற்காலப் புனைவில் இக்கதைப்பொருளை அதன் எல்லைவரை கொண்டுசென்றது பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013). காட்டுப்பட்டியைச் சேர்ந்த குமரேசன் சோடா தொழிலில் வேலை செய்யத் தோலூருக்கு வருகிறான். அங்கே அருகில் குடியிருக்கும் சரோஜாவைக் காதலித்து மணந்து தன் ஊருக்கு அழைத்துச் செல்கிறான். தோலை அடையாளமாகக் கொண்ட நகரம் என்பதை ஊர்ப்பெயரே உணர்த்துகிறது. அது கற்பனை ஊர். ஆயினும் தோல் தொழில் நகரங்கள் தமிழ்ச் சமூகத்தில் வகிக்கும் இடத்தை அப்பெயர் வாசகருக்கு நினைவூட்டுகிறது.

சரோஜாவின் சாதி நாவலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. காட்டுப்பட்டியினரோ அதைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. தோலூரில் இருவரும் வாடகைக்கு வாழ்ந்த உழைப்பாளர். பொருள் நிலையிலும் அகவையிலும் கனவிலும் ஒத்தவர். அவர்கள் எதிர்நிலையினர் என்பது பேருந்திலிருந்து இறங்கி ஊருக்குள் நடக்கும்போதுதான் உருவாகிறது. தாய் மாராயியின் ஒப்பாரியும், உறவினரின் வசையும், ஊர்விலக்கமும் படிப்படியாக அந்த எதிர்நிலையைக் கட்டி எழுப்புகின்றன. இங்கு எதிர்நிலை என்பது காதலர் இருவரின் உடைமையன்று. மூன்றாமவர் சூட்டும் பெயர்.

இன்னொரு திருப்பமும் உண்டு. நகரத்தில் சரோஜா அயலாள், ஆகவே அறிமுகமானவள். கணவனின் ஊரில் அவள் அந்நியள். பாறைமேல் தனித்து நிற்கும் குடிசையில் அவளுக்கு அண்டை வீடே இல்லை. அலர் மட்டும் உண்டு. அயல்வீட்டாரின் காதலாகத் தொடங்கிய கதை, அயல்வீடு என்பதையே இழந்த பெண்ணின் கதையாகி நெருப்பின் முன் நிற்கிறது. இந்நாவல் இளவரசனுக்குப் படையலாக்கப்பட்டுள்ளது. சாதி கடந்த காதல் மணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதும், 2013 சூலையில் அவ்விளைஞர் இருப்புப்பாதை அருகே இறந்து கிடந்ததும் அண்மைக்கால வரலாறு. புனைவின் நெருப்புக்கு நடப்பில் முன்னுரை இருந்தது.

ஒரே சமயம், இரு தெருக்கள்

எதிர்நிலை என்றவுடன் இரு சமயங்களையோ இரு சாதிகளையோ மட்டும் எண்ணுவது போதாது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ இஸ்லாமியச் சமூகத்தின் உட்பிரிவைத் தெருக்களின் பெயராலேயே காட்டுகிறது. மீன் விற்போரின் தெருவும் செல்வர் வாழும் பங்களாத் தெருவும் ஒரே ஊரில், ஒரே தொழுகையின்கீழ் இருக்கின்றன. அவற்றிடையே ஆணின் ஆசைக்கு வழி உண்டு. பெண்ணின் மதிப்புக்கு வழி இல்லை. லாங் பஜார் போன்ற கடைவீதிகளை ‘இந்து – முஸ்லிம்’ என்னும் ஒற்றை இணைகோட்டால் படிக்க முற்படும் ஆய்வாளருக்கு இந்நாவல் எச்சரிக்கையாகும். தோல் மண்டி உரிமையாளரும் தோல் சுமப்பவரும் ஒரே பள்ளிவாசலில் தோளுரசி நிற்கலாம். சம்பந்தம் பேசும்போது அத்தோள்கள் விலகக்கூடும்.

அறிவிப்புப் பலகை: சட்டமும் அலரும்

குடியிருப்பின் எல்லையைச் சட்டமும் ஒருவகையில் பேணுகிறது. 1967ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்துக்கு ஏற்பளித்தது. அத்தகைய மணத்துக்குப் பொது அறிவிப்புத் தேவையில்லை என்பதை 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே இரு இந்துச் சாதியினர் நண்பர் சிலர்முன் மணந்துகொள்ளச் சட்டத்தில் வழியுண்டு. சமயம் வேறுபட்டு, எவரும் மதம் மாறாமல் மணக்க விரும்புவோர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். அச்சட்டப்படி மணஅறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாள் காத்திருத்தல் வேண்டும்.

அகமரபின் அலரை அயலார் வாயால் பரப்பினர். இங்கு அப்பணியை அறிவிப்புப் பலகை ஏற்கிறது. தொலைவிலிருந்து வந்த காதலருக்கு அப்பலகை ஒரு நடைமுறை மட்டுமே. அடுத்தடுத்த வீட்டினருக்கோ அந்த 30 நாளும் ஒரே தெருவில் கழிக்க வேண்டியவை. பல சமயத்தார் வாழும் வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் அயல்வீட்டுக் காதலின் இடர் எங்கே மிகும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

தோல் வட்டாரப் புனைவின் முன்னுரிமை

தோல் தொழிலைப் பேசும் தமிழ்ப் புனைவு எதை முதன்மைப்படுத்தியது என்பது அடுத்த வினா. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் போராட்டத்தைக் கூறும் டி. செல்வராஜின் ‘தோல்’ 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் ‘தீட்டு’ (2000) சிறுகதைகளும் ‘தகப்பன்கொடி’ (2001) நாவலும் தலித் வாழ்வின் நிலஇழப்பையும் இழிவையும் மையமாக்கின. பாலாற்று மாசு 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற வழக்காயிற்று. நிலமும் கூலியும் நீரும் பறிபோன இடத்தில் காதல் முதன்மைக் கதைப்பொருளாகாமை வியப்பன்று.

இதைக் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஜேன் ஆஸ்டினின் ‘பெருமிதமும் முற்சாய்வும்’ (1813) நாவலில் அண்மையில் வந்து தங்கும் செல்வரோடு எலிசபெத் முரண்படவும் பின் இணையவும் முடிவதற்கு, இருவரும் ஒரே விருந்துக் கூடத்தில் ஆடும் உரிமை பெற்றிருந்தமை அடிப்படை. குணமுரண் காதலாகக் கனிய ஒரு பொதுக்கூடம் வேண்டும். அது இல்லாத இடத்தில் முரண் நகைச்சுவையாவதில்லை. பகையாகவோ அமைதியாகவோ உறைகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, அயல்வீட்டு எதிர்நிலைக் காதல் தமிழில் வாடகை வீட்டோடும் தொழில் நகரத்தோடும் பிறந்த கதைப்பொருள். வாலாசாத் தெருவிலிருந்து தோலூர் வரையிலான நகர்வு இதனைக் காட்டுகிறது.

இரண்டாவது, குணத்தால் எதிரெதிரானோர் ‘அகல் விளக்கு’ நாவலில் நண்பர்களாக அமைய, ‘புத்தம் வீடு’, ‘பூக்குழி’ ஆகியவற்றின் காதலர் குணத்தால் ஒத்தவராகவே அமைகின்றனர். தொல்காப்பியம் வேண்டிய ஒப்பு இங்கு அழியவில்லை. பிறப்பிலிருந்தும் செல்வத்திலிருந்தும் அது உணர்வுக்கு இடம் மாறியுள்ளது. எதிர்நிலை என்று பெயர் சூட்டுவது ஊரே.

மூன்றாவது, அண்மை மட்டும் காதலை உண்டாக்குவதில்லை. பகலில் கலந்து இரவில் பிரியும் கடைவீதி சந்திப்பைத் தரும். சேர்ந்து வாழ ஒரு வாசலைத் தராது. லாங் பஜாரில் கடை அடைக்கும் நேரத்தில் எவர் எத்திசை நோக்கி நடக்கின்றனர் என்பது, அவ்வட்டாரத்தில் எக்கதை எழுத இயலும் என்பதையும் சொல்லும். வாடகைக்கு வீடு கேட்பவரிடம் பெயரையும் ஊரையும் தாண்டி வேறொன்று கேட்கப்படாத தெரு அங்கு உருவாகும்போது, அதன் கதையும் உடன் உருவாகும். அதுவரை ‘பூக்குழி’யின் பாறைமேல் குடிசையே இக்கதைப்பொருளின் உண்மையான முகவரியாக நிற்கும்.